மகன் ஆடி முடித்துவிட்டான், ஆனால் ஆடுகளத்தை விட மாட்டேன் என்கிறான்

கேள்வி:

அண்ணா, நாங்கள் நியூஜெர்சியில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறோம். சொந்த ஊர் கோவை. ஒரே பையன். பென்சில்வேனியாவில், கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவான டிவிஷன் 3ல் இருக்கும் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டே நான்கு வருடம் கூடைப்பந்து ஆடினான். கடைசி இரண்டு வருடம் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தான். இந்த மே மாதம் பட்டம் வாங்கிவிட்டான். நியூயார்க்கில் ஒரு கன்சல்டிங் நிறுவனத்தில் வருடம் 78,000 டாலர் சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு ஓஹாயோவில் முதல் பிரிவான டிவிஷன் 1ல் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணிக்கு 'கிராஜுவேட் மேனேஜர்' ஆகப் போகிறேன் என்கிறான். இரண்டு வருட முதுகலைப் படிப்புக்குக் கட்டணம் இல்லையாம். கைக்கு மாதம் 900 டாலராம். பிற்காலத்தில் 'பாஸ்கெட்பால் ஆபரேஷன்ஸ்' டைரக்டர் ஆவானாம். விசாரித்தால் வீரர்களின் துணி துவைப்பதும் தண்ணீர் பாட்டில் நிரப்புவதும்தான் வேலை என்கிறார்கள். நாலு வருஷம் ஃபீஸ் கட்டிப் படிக்க வைத்தது இதற்கா? அவன் அப்பா அவனோடு பேசி மூன்று வாரம் ஆகிறது. ஜூன் 20க்குள் இரண்டு இடத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் அந்தத் துறையில் இருந்தவர் என்பதால் எழுதுகிறேன். விடுவதா, தடுப்பதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

துணி துவைப்பதைப் பற்றி நீங்கள் எழுதிய வரியை மூன்று முறை படித்தேன். 2006ல் நான் இதே வேலைக்குச் சேர்ந்தபோது சென்னையிலிருந்து என் அம்மா போனில் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். "அதெல்லாம் இல்லம்மா" என்று அன்றைக்கு மழுப்பினேன். உங்களிடம் மழுப்ப மாட்டேன். துணி துவைப்பது உண்மை.

ஒவ்வொரு வீரனுக்கும் எண் போட்ட ஒரு பட்டை இருக்கும். பயிற்சி முடிந்ததும் பனியன், அரைக்கால்சட்டை, சாக்ஸ் எல்லாவற்றையும் அதில் கோர்த்து ஒரு கூடையில் போட்டுவிட்டுப் போவார்கள். பட்டையோடு அப்படியே மெஷினில் போட்டு, உலர்த்தி, மறுநாள் காலை அவரவர் லாக்கரில் தொங்கவிட வேண்டும். இரவு பத்து மணிக்கு அந்த அறை முழுக்க ஈர வெப்பமும் சோப்பு வாசனையுமாக இருக்கும். அங்கே தரையில் உட்கார்ந்துதான் என் முதுகலைப் பாடங்களில் பாதியைப் படித்தேன். ஒருநாள் ஒரு பட்டையில் இருந்த வெள்ளை சாக்ஸின் குதிகாலில் ரத்தக்கறை. முந்தின நாளும் அதே சாக்ஸில் பார்த்த ஞாபகம் வந்தது. கொப்புளம் வெடித்து நடக்கவே முடியாத நிலையில் அந்தப் பையன் யாரிடமும் சொல்லாமல் ஓடிக்கொண்டிருந்தான். சொன்னால் ஆடும் ஐவரில் தன் இடம் போய்விடும் என்று பயம். வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் ட்ரெயினரிடம் போய்ச் சொன்னேன். இரண்டு நாள் ஓய்வோடு முடிந்தது. இந்தத் தொழில் என்னவென்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

கல்லூரி அணியில் பயிற்சியாளர்கள் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கிறார்கள், ஆட்களைத் தேடிப் பிடிக்கிறார்கள். மற்ற எல்லாமே ஆபரேஷன்ஸ். பயணம், ஹோட்டல், சாப்பாடு, பட்ஜெட், ஆட்ட அட்டவணை, கோடைகால முகாம், வீரர்களின் வகுப்பு நேரம், ஆட்டம் பார்க்க வரும் குடும்பங்களுக்கு டிக்கெட், கல்லூரியைப் பார்க்க வரும் பள்ளிப் பையனுக்கும் அவன் அம்மாவுக்கும் விமான நிலையத்தில் வண்டி, எல்லாம் ஒருவர் தலையில். அந்த ஒருவர்தான் டைரக்டர் ஆஃப் பாஸ்கெட்பால் ஆபரேஷன்ஸ். எங்கள் பேச்சில் 'டோபோ'. டிவிஷன் 1ல் ஆண்கள் அணிகள் மட்டும் 350க்கு மேல். ஏறக்குறைய எல்லாவற்றிலும் இந்த நாற்காலி உண்டு. அதில் உட்கார்ந்திருப்பவர்களில் நிறையப் பேர் உங்கள் பையனைப் போல ஆடியவர்கள், அல்லது மேனேஜராக இருந்தவர்கள். பெரும்பாலானவர்கள் தொடங்கியது இந்தத் துவைக்கும் அறையிலிருந்துதான்.

வெளியூர் ஆட்டத்துக்கு முந்தின நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். பேருந்து வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நான் காரில் ஹோட்டலுக்குப் போய்விடுவேன். லாபியில் ஒரு மேசை கேட்டு வாங்கி, அதில் இருபத்தெட்டு உறைகளை அடுக்குவேன். ஒவ்வொன்றிலும் அறைச் சாவி, கூடத் தங்குபவர் பெயர், சாப்பாட்டு நேரம், மறுநாள் காலைப் பயிற்சிக்கு வண்டி புறப்படும் நேரம். ஏழடிக்கு அரை அங்குலம் குறைவான இரண்டு பேருக்குப் பெரிய கட்டில். லிஃப்ட் பக்கத்து அறையில் வீரர்களைப் போடக் கூடாது, சத்தம். ஒருவனுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. சமையலறைக்குக் காலையில் ஒருமுறை, சமைக்கும் முன் ஒருமுறை சொல்ல வேண்டும். ஒருமுறை உறைகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே துணைப் பயிற்சியாளர் பேருந்திலிருந்து கூப்பிட்டார். முதல் வருடப் பையன் ஒருவனின் பாட்டி அன்று மதியம் இறந்துவிட்டார் என்று வழியில்தான் செய்தி வந்திருக்கிறது. பேருந்து வந்து சேர இருபது நிமிடம் இருந்தது. அவனுக்குத் தனி அறை, அடுத்த அறையில் அந்தப் பயிற்சியாளர், கதவு இரண்டுக்கும் நடுவில் திறக்கிற மாதிரி. மறுநாள் காலை ஆறு மணி விமானத்துக்கு டிக்கெட். விதிப்படி அதற்குக் கல்லூரி செலவு செய்யலாமா என்று விதிமுறை அலுவலகத்தில் ஒருவரை எழுப்பிக் கேட்டு எழுத்தில் வாங்கினேன். பையன் இறங்கி வந்து உறையை வாங்கிக்கொண்டான், ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவன் கல்யாணத்துக்குப் போன வருடம் போய் வந்தேன்.

உங்கள் பையனுக்கு இதில் ஆசை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கூடைப்பந்தில் ஆசை இருப்பது போதாது. ஆடி முடித்த பையன்களுக்கு ஒரு வெறுமை வரும். ஐந்தாம் வகுப்பிலிருந்து நாளின் நடுவில் இருந்த ஒன்று, மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலத்தோடு முடிந்துவிடுகிறது. அந்த வெறுமைக்குப் பயந்து இந்த வேலைக்கு வருபவர்கள் முதல் ஜனவரியிலேயே வாடிப்போவார்கள். கோர்ட்டுக்கு ஆறடி தூரத்தில் நின்றுகொண்டு பந்தைத் தொட முடியாமல் இருப்பது அவர்களுக்குத் தண்டனை. நான்கு பேர் அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன். நல்ல பையன்கள், வேறு வேலையில் நன்றாக இருக்கிறார்கள்.

கடைசி இரண்டு வருடம் பெஞ்சில் இருந்தான் என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் நம்பிக்கை தருகிறது. ஆனால் பெஞ்சில் என்ன செய்தான் என்று தெரிய வேண்டும். அவனிடம் நேராகக் கேளுங்கள். எதிரணி முன்கூட்டியே திட்டமிட்டு ஆடும் செட் பிளேயைக் கண்டுபிடித்து உள்ளே ஆடுபவனுக்குக் கத்திச் சொன்னவனா? டைம் அவுட்டில் நாற்காலியை எடுத்துப் போட்டவனா? ஆட்ட வீடியோவைத் தானாக வெட்டி நண்பர்களுக்கு அனுப்பியவனா? அணி வெளியூர் போனால் எந்தக் கடையில் சாப்பிடுவது என்று எல்லோரும் அவனைத்தான் கேட்பார்களா? இதில் இரண்டுக்கு ஆம் என்று வந்தாலும் அவன் ஏற்கெனவே பாதி டோபோ.

டிவிஷன் 3ல் விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப் கிடையாது. நான்கு வருடம் காலை ஆறு மணிப் பயிற்சிக்கு அவன் எழுந்து போனது பைசா வாங்காமல். இதை அவன் அப்பாவிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

எங்கே போய்ச் சேரும் என்று கேட்பீர்கள். டாட் கோல்டன் என்ற பெயரை உங்கள் பையனிடம் சொன்னால் உடனே தெரியும். கலிஃபோர்னியாவில் செயின்ட் மேரிஸ் கல்லூரியில் ஆடியவர், அப்புறம் இஸ்ரேலில் இரண்டு வருடம் ஆடினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயிற்சி வேலைக்கு வந்து, 2014ல் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் புரூஸ் பெர்ல் என்ற பெரிய பயிற்சியாளரிடம் டோபோவாகச் சேர்ந்தார். அங்கேயே துணைப் பயிற்சியாளர் ஆனார். 2019ல் சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர், 2022ல் ஃபுளோரிடா. 2025 ஏப்ரலில் சான் அன்டோனியோவில் நடந்த ஃபைனல் ஃபோரில் (தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளின் சுற்று) அவருடைய அணி அரையிறுதியில் 79-73 என்று வென்றது யாரைத் தெரியுமா? ஆபர்னை, அதே பெர்லின் அணியை. இரண்டு நாள் கழித்து ஹூஸ்டனை 65-63 என்று வென்று தேசியச் சாம்பியன். பதினோரு வருடம் முன்பு அந்தப் பெர்லின் அலுவலகத்தில் டோபோவாக இருந்தவர், அவருக்கு எதிர்ப் பெஞ்சில் நின்றார். அன்று ராத்திரி எங்கள் தொழிலில் இருப்பவர்கள் போனில் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டே இருந்தோம்.

நோலன் ஸ்மித் என்று இன்னொருவர். 2010ல் டியூக் பல்கலைக்கழகம் சாம்பியனானபோது ஆடியவர், தொழில்முறை கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வுக்கும் போனவர். 2016ல் டியூக்குக்கே அலுவலக ஊழியராகத் திரும்பினார். 2018ல் டோபோ, 2021ல் துணைப் பயிற்சியாளர், லூயிவில், மெம்ஃபிஸ் என்று போய் 2025ல் டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர். புகழ்பெற்ற வீரருக்கே ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது, கவனியுங்கள். என்.பி.ஏ. பக்கம் பார்த்தால் மயாமி ஹீட்டின் எரிக் ஸ்போல்ஸ்ட்ரா. போர்ட்லாந்து பல்கலைக்கழகத்தில் ஆடியவர், அம்மா பிலிப்பைன்ஸைச் சேர்ந்தவர். 1995ல் வீடியோ அறையில் தொடங்கி 2008ல் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2012லும் 2013லும் கோப்பை வாங்கினார்.

ஆனால் இவர்கள் மேலே போனவர்கள். உங்கள் பையன் இவர்களில் ஒருவனாக ஆவான் என்று கணக்குப் போட்டு நீங்கள் சம்மதிக்க வேண்டாம். என் கூடத் தொடங்கியவர்களில் பெரும்பாலானவர்கள் தலைமைப் பயிற்சியாளர் ஆகவில்லை. ஒருவர், பல கல்லூரிகள் சேர்ந்து ஆடும் கூட்டமைப்பான கான்ஃபரன்ஸின் அலுவலகத்தில் அட்டவணை போடுகிறார், ஒருவர் ஓர் உள்ளரங்கத்தின் நிர்வாகி, ஒருவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர், சாயங்காலம் பள்ளி அணிக்குப் பயிற்சி தருகிறார். நான் இப்போது ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் நிர்வாகப் பக்கம் இருக்கிறேன். எல்லோருக்கும் வாழ்க்கை ஓடுகிறது.

பணம். இங்கேதான் கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும். கீழ்ப்படியில் சம்பளம் குறைவாக இருப்பது தற்செயல் இல்லை. 1990களின் தொடக்கத்தில், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வே ஒரு விதி போட்டது. ஒவ்வோர் அணியிலும் கடைசிப் பயிற்சியாளருக்குக் கல்வியாண்டுக்கு 12,000 டாலருக்கு மேலும் கோடைக்கு 4,000 டாலருக்கு மேலும் தரக் கூடாது என்று. அந்தப் பயிற்சியாளர்கள் நீதிமன்றம் போனார்கள். முதலாளிகள் கூடிச் சம்பளத்துக்குக் கூரை போடுவது சட்டவிரோதம் என்று 1998ல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள். 1999ல் என்.சி.ஏ.ஏ. 54.5 மில்லியன் டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. விதி போய்விட்டது. ஆனால் வர ஆசைப்படுபவர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்ற நினைப்பு போகவில்லை. 900 டாலர் அந்த நினைப்பிலிருந்து வருவது. நவம்பரிலிருந்து மார்ச் வரை வாரம் அறுபது, எழுபது மணி நேரம் வேலை இருக்கும். மணிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் உங்களுக்கு வயிறு எரியும்.

அதனால் அந்தப் பணத்தைச் சம்பளமாகப் பார்க்காதீர்கள். முதுகலைப் படிப்புதான் அவன் கூலி. அந்தப் படிப்பு எப்படிப்பட்டது என்பதைத்தான் உரசிப் பார்க்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் தவிர வேறு படிக்க அனுமதி உண்டா? பொருளாதாரம் படித்த பையன். எம்.பி.ஏ.வோ டேட்டா அனலிடிக்ஸோ எடுக்க முடிந்தால் அதை எடுக்கச் சொல்லுங்கள். நாளைக்கு இந்தத் துறையை விட்டு வந்தாலும் கையில் ஒன்று இருக்கும், இந்தத் துறையிலேயே இருந்தாலும் இப்போது அதற்குத்தான் தேவை. கட்டணம் இல்லை என்றால் டியூஷன் மட்டுமா, மற்ற கட்டணங்களும் சேர்த்தா என்று எழுத்தில் கேட்க வேண்டும். அப்புறம் வரி. இப்படி வேலைக்கு ஈடாகத் தள்ளுபடி செய்யும் டியூஷனில் வருடம் 5,250 டாலருக்கு மேற்பட்டதைப் பல பல்கலைக்கழகங்கள் வருமானமாகக் கணக்கிட்டு வரி பிடிக்கின்றன. பாடம் நடத்தும், ஆராய்ச்சி செய்யும் உதவியாளர்களுக்கு இருக்கும் விலக்கு விளையாட்டுத் துறை உதவியாளர்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. 900 டாலரில் அந்த வரியும் போனால் வாடகைக்கு உங்களைத்தான் கேட்பான். இது முன்கூட்டியே தெரிந்திருந்தால் வீட்டில் சண்டை வராது. மருத்துவக் காப்பீட்டுக்கு 26 வயது வரை உங்கள் பாலிசியிலேயே இருக்கலாம். அந்தக் கவலை வேண்டாம்.

முழு டோபோ ஆன பிறகு? சிறிய அணிகளில் ஒரு பள்ளி ஆசிரியர் வாங்கும் அளவு. பெரிய கான்ஃபரன்ஸ் அணிகளில் நன்றாகவே தருகிறார்கள். நடுவில் பெரிய இடைவெளி.

பணத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு ஒன்று. தலைமைப் பயிற்சியாளரை நீக்கினால் கூடவே எல்லோரும் போக வேண்டும். எனக்கு அது நடந்தது. மார்ச் மாதம், கான்ஃபரன்ஸ் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்று ஊர் திரும்பினோம். மறுநாள் காலை ஒன்பதரைக்குப் பயிற்சியாளரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். பத்தேகாலுக்கு எங்களுக்கு. மூன்று வருடம் நான் பார்த்துப் பார்த்துக் கட்டிய அட்டவணை, பட்ஜெட், முகாம் எல்லாம் மதியத்துக்குள் வேறு யாருடையதோ ஆகிவிட்டது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் வழக்கம் இதுதான். என் மனைவி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. இரண்டு மாதம் வேலை இல்லை. ஒவ்வொரு வருடமும் ஃபைனல் ஃபோர் நடக்கும் ஊரிலேயே பயிற்சியாளர்கள் சங்கத்தின் மாநாடும் நடக்கும். என்னைப் போல வேலை போனவர்கள், வேலை தேடுபவர்கள் எல்லோரும் அங்கே ஹோட்டல் லாபிகளில் நிற்போம். அந்த வருடம் ஒரு நண்பரின் அறையில் தரையில் படுத்து நான்கு நாள் நின்றேன். எனக்கு அடுத்த வேலை வாங்கித் தந்தது அந்த லாபிதான். எதிரணி டோபோ ஒருவர். மூன்று வருடமாக அவர்கள் எங்கள் ஊருக்கு ஆட வந்தபோதெல்லாம் பயிற்சிக்கு நேரம் ஒதுக்கி, நல்ல சாப்பாட்டுக் கடை சொல்லி, ஒருமுறை பனியில் அவர்கள் விமானம் ரத்தானபோது இரவு ஒரு மணிக்கு முப்பது பேருக்கு அறை பிடித்துக் கொடுத்திருந்தேன். அவர் தன் தலைமைப் பயிற்சியாளரிடம் அழைத்துப் போய் "இவரை எடுங்கள்" என்றார்.

ஆகவே பையன் சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: அங்கே தலைமைப் பயிற்சியாளருக்கு ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது, கடந்த இரண்டு சீசன் எப்படிப் போனது? ஒரே வருடம் பாக்கி, தொடர்ந்து தோல்வி என்றால், பயிற்சியாளர் போனாலும் இரண்டாம் வருடப் படிப்புக்குக் கட்டணச் சலுகை தொடருமா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்க வேண்டும். தர மாட்டோம் என்றால் போக வேண்டாம் என்றே சொல்வேன்.

இரண்டாவது, அங்கே இதற்கு முன் இருந்த கிராஜுவேட் மேனேஜர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? கடைசி மூன்று பேரின் பெயரை வாங்கி, போன் போட்டு இருபது நிமிடம் பேசட்டும். மூன்று பேரும் ஏதோ ஓர் அணியில் இருந்தால் அந்த அலுவலகம் ஆட்களை வளர்க்கிறது. ஒருவரும் துறையில் இல்லை, தொலைபேசி எண்ணும் தர மாட்டோம் என்றால் அங்கே துணிதான் துவைப்பான், வேறொன்றும் நடக்காது. இன்னொன்றும் கேட்கட்டும்: வீடியோ வெட்டவும், எதிரணியைப் பற்றிக் குறிப்பு தயாரிக்கவும், பட்ஜெட் தாளைப் பார்க்கவும் விடுவார்களா? விடும் இடத்தில் இரண்டு வருடம் இருப்பது வேறு எங்கோ ஐந்து வருடம் இருப்பதற்குச் சமம்.

பட்ஜெட் என்றதும் நினைவு வருகிறது. சின்னப் பல்கலைக்கழகங்கள் நவம்பர், டிசம்பரில் பெரிய அணிகளின் ஊருக்குப் போய் ஆடி, பெரும்பாலும் தோற்று, அதற்குப் பணம் வாங்கி வரும். ஓர் ஆட்டத்துக்கு 90,000 டாலர் என்பதெல்லாம் சாதாரணம். அந்த ஒப்பந்தத்தைப் பேசுவது பல இடங்களில் டோபோதான். அந்தப் பணத்தில்தான் வருடம் முழுக்கப் பேருந்து ஓடும். பொருளாதாரம் படித்த பையனுக்கு இதில் நிறைய வேலை இருக்கிறது.

இன்னொரு நல்ல செய்தி, காலம் மாறியிருக்கிறது. நான் இருந்த காலத்தில் டோபோ கோர்ட்டில் ஒரு வீரனுக்கு "முழங்கையைத் தூக்கு" என்று சொன்னாலும் விதிமீறல். ஆட்டம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், அது உள்ளுக்குள் அரிக்கும். 2023ல் ஒவ்வோர் அணிக்கும் கூடுதலாக இரண்டு பயிற்சியாளர்கள் வைத்துக்கொள்ளலாம் என்று விதி வந்தது. ஆபரேஷன்ஸிலும் வீடியோவிலும் இருந்த பலர் அந்த இடங்களுக்குப் போனார்கள், கீழே இடம் காலியானது. அப்புறம் 2025 ஜூன் 6ல், வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. கல்லூரிகள் வீரர்களுக்கு நேராகவே பணம் தரலாம், முதல் வருடம் ஒரு பல்கலைக்கழகத்துக்கு எல்லா விளையாட்டும் சேர்த்து ஏறக்குறைய 20.5 மில்லியன் டாலர் வரை. சீசன் முடிந்ததும் ஆயிரக்கணக்கான வீரர்கள் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்து அணி மாறுகிறார்கள். யாருக்கு எவ்வளவு, எந்த இடத்துக்கு யார் என்று கணக்குப் பார்க்க ஆள் வேண்டும். அதனால் கல்லூரி அணிகளிலும் ஜெனரல் மேனேஜர் என்ற பதவி வந்துவிட்டது. டியூக் 2022லேயே ரேச்சல் பேக்கரை அந்தப் பதவியில் அமர்த்தியது. 2025ல் என்.பி.ஏ. நட்சத்திரம் ஸ்டீஃபன் கறி, தான் படித்த டேவிட்சன் கல்லூரியில் துணை ஜெனரல் மேனேஜர் ஆனார். எம்.பி.ஏ. அல்லது டேட்டா படிக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

அவன் அப்பாவைப் பற்றி. அவர் கோபத்தை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் ஊரில் கூடைப்பந்து நன்றாக ஆடினால் இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி., ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். ஆட்டம் நின்றாலும் நாற்காலி இருக்கும், பென்ஷன் இருக்கும். ஆட்டம் வேலைக்கு வழி என்பதுதான் நமக்குத் தெரிந்த கணக்கு. ஆட்டமே வேலை, அதுவும் ஆடாமல், துணி துவைத்து என்றால் அப்பாவுக்கு எப்படி ஏறும்? என் அப்பாவுக்கும் ஏறவில்லை. 2011ல் இங்கே வந்திருந்தபோது ஆட்டத்துக்கு நான்கு மணி நேரம் முன்னாலேயே அவரை அரங்கத்துக்கு அழைத்துப் போனேன். ஆட்டத்தை அவர் பெரிதாகப் பார்க்கவில்லை. நான் நடுவர்களின் அறையில் துண்டு, தண்ணீர் சரிபார்த்ததை, எதிரணியின் பேருந்தை வாசலில் நின்று வரவேற்றதை, கடிகாரம் ஓட்டுபவரோடு பேசியதைப் பார்த்தார். திரும்பும்போது காரில், "கல்யாண மண்டபத்தில் பெண் வீட்டுக்காரன் வேலை பார்க்கிறாய்" என்றார். அதைவிடச் சரியாக இந்த வேலையை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் விடுவேன். இரண்டு வருடம், முதுகலைப் பட்டம் கையில் வர வேண்டும், அது முடியும்போது முழுச் சம்பள வேலை கிடைக்காவிட்டால் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும் என்று இப்போதே மூன்று பேரும் ஒப்புக்கொண்டு விடுவேன். கன்சல்டிங் நிறுவனத்திடம், சேருவதைத் தள்ளிப்போட முடியுமா என்று மரியாதையாக ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். சில நிறுவனங்கள் ஒத்துக்கொள்கின்றன. மறுத்தாலும் நஷ்டம் இல்லை. ஆனால் அந்தப் பயிற்சியாளரின் ஒப்பந்தம், பழைய மேனேஜர்கள், கட்டணமும் வரியும், இந்த மூன்றுக்கும் பதில் வராமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஜூன் 20 வரை நேரம் இருக்கிறது. பதில்கள் வந்ததும் தம்பியையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். தமிழில் எழுத வராது என்றால் ஆங்கிலத்தில் எழுதட்டும். அவன் அப்பா பேச விரும்பினால் ஞாயிற்றுக்கிழமை காலை எந்த நேரமும் கூப்பிடலாம், எண்ணைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.